‘டிக்’ சத்தத்தோடு நின்ற கார்: தூத்துக்குடி ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை குறித்து

தூத்துக்குடியில் பாளையங்கோட்டை சாலைப் பக்கம் இருக்கும் இந்தச் சிறிய ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு நான் வந்து சேர்வதற்குள் என் காரை இரண்டு இடங்களில் காட்டியிருந்தேன். ஒன்பது ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார் அது. ஒரு நாள் காலை சாவியைத் திருப்பியதும் அழுத்தமாக ஒரே ஒரு ‘டிக்’ சத்தம் கொடுத்துவிட்டு அடங்கிப்போனது, செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி விற்கும் ஒரு கடையில், பழைய பேட்டரிக்கு மூன்று வயது என்று கேட்டவுடனேயே, மீட்டர் வைத்துப் பார்க்காமல் புதியதை மாட்டி 4,600 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது, மூன்றாம் நாள் அதே சத்தத்தோடு நின்றது. அடுத்துக் காட்டிய ஒர்க்‌ஷாப்பில், செல்ஃப் மோட்டாரை முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். மனம் ஒப்பாமல், பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு, காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்து இங்கே கொண்டுவந்தேன்.

கடைக்காரர் அண்ணாச்சி கருவி எதையும் கையில் எடுக்காமல் முதலில் கேட்ட கேள்வி, “சத்தம் ஒரு தடவைதான் வருதா, இல்ல விடாம படபடன்னு அடிக்குதா?” என்பதுதான். அந்தக் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. சத்தம் படபடவென்று தொடர்ந்து வந்தால், சொலினாய்டு, அதாவது செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் காந்த சுவிட்ச், உள்ளே இழுக்கப்பட்டதும் மின்னழுத்தம் சரிந்து, பிடி விட்டு, மறுபடியும் இழுக்கப்படுகிறது என்று பொருள். பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும் அல்லது அதன் டெர்மினல் தளர்ந்திருக்கும். ஒரே ஒரு ‘டிக்’ மட்டும் வந்து, ஹெட்லைட் வெளிச்சமும் மங்காமல் இருந்தால், சொலினாய்டு தன் வேலையைச் செய்தும் மோட்டாருக்குப் போதிய மின்சாரம் கிடைக்கவில்லை, அல்லது மோட்டாருக்குள்ளேயே கார்பன் பிரஷ் போன்ற ஏதோ ஒன்று தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். என் கார் இரண்டாம் வகை.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. அது முழுச் சார்ஜின் அளவு. என்னைச் சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி அளந்தபோது பேட்டரியில் 11.8 வோல்ட் நின்றது, ஆனால் செல்ஃப் மோட்டாரின் முனையில் 6.1 வோல்ட் மட்டுமே இருந்தது. நடுவில் காணாமல்போன மின்னழுத்தம் எங்கே என்று தேடியதில், பாசிட்டிவ் கேபிளில் 0.2 வோல்ட்தான் இழப்பு. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் உடம்புக்கும் இடையில் 5.5 வோல்ட் இருந்தது. மீட்டரை என் பக்கம் திருப்பி அந்த எண்ணைக் காட்டினார். உடனே ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து, ஒரு நுனியை நெகட்டிவ் டெர்மினலிலும் மறு நுனியை என்ஜினின் தூக்குக் கொக்கியிலும் மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். கார் முதல் திருப்பத்திலேயே உயிர்பெற்றது. எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எழுத்தில் சொல்வது கடினம்.

குற்றவாளி, பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து என்ஜினுக்குப் போகும் எர்த் கேபிள். வெளியுறை பார்க்க நன்றாகவே இருந்தது. கேபிள் நுனியில் போல்ட்டில் மாட்டும் உலோக வளையமான லக் அருகே அதைக் கீறியதும் உள்ளே செம்புக் கம்பிகள் பச்சை பூத்து, கை பட்டதும் உதிர்ந்தன. கடற்காற்றும் உப்பளங்களும் சூழ்ந்த ஊரில் இது அரிதன்று. ஒர்க்‌ஷாப்பில் இதே கேபிளை, இணைப்பு அறுபடாமல் இருந்தால் மீட்டர் தரும் ‘பீப்’ ஒலியை வைத்துச் சோதித்து நல்லது என்றிருந்தார்கள். அந்தச் சோதனையில் ஓடும் மின்சாரம் மிகச் சிறியது, மீந்திருக்கும் நாலைந்து இழைகளே அதற்குப் போதும். செல்ஃப் மோட்டாரோ நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கிறது. அந்த அளவில் 0.05 ஓம் தடையே 5 வோல்ட்டை விழுங்கிவிடும். ஆகவே சாவி திரும்பிய நிலையில், சுமையோடுதான் அளக்க வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். இந்த விளக்கத்துக்காகவே நான் இக்கடையை உயர்வாக மதிக்கிறேன்.

தடித்த செம்புக் கேபிளுக்குப் புது லக் அழுத்திப் பொருத்தி, மாட்டும் இடங்களை உப்புத்தாளால் தேய்த்து உலோகம் பளிச்சிடச் செய்து, முடுக்கிய பிறகு பெட்ரோலியம் ஜெல்லி தடவினார். வேலைக்கு முன் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றியதையும், முடிந்தபின் அதைக் கடைசியாக மாட்டியதையும் கவனித்தேன். ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் பொறி பறக்காமல் இருக்க அதுவே முறை. மறுபடி அளந்தபோது 5.5 இருந்த இடத்தில் 0.15 வோல்ட்தான். என்ஜின் ஓடும்போது 14.2 வோல்ட் வந்ததால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் நலம். எல்லாம் சேர்த்து 850 ரூபாய். முக்கால் மணி நேரம். செல்ஃப் மோட்டாரைத் தொடவே இல்லை.

குறைகளும் உண்டு. பில்லில் ‘எலக்ட்ரிக்கல் வேலை’ என்று மட்டும் எழுதியிருந்தார், கேட்டபின்தான் கேபிள் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதித் தந்தார். மாற்றிய கேபிளின் தடிமன் எதிலும் குறிக்கப்படவில்லை. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாததால், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் காரை ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு அமைப்பு) கோளாறு உள்ள புதிய கார்களை அவரே வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறார். காலை நேரத்தில் லோடு வண்டிகளும் உப்பு லாரிகளும் வரிசையில் நிற்பதால் உட்காரக்கூட இடமிருக்காது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போவது நல்லது.

ஐப்பசி மழை முழுவதும் காரை வெட்டவெளியில் நிறுத்தியிருந்தேன். ஒரு நாளும் செல்ஃப் எடுக்கத் தவறவில்லை. சென்ற வாரம் அந்தப் பக்கம் போனபோது எர்த் முனையை மீண்டும் அளந்து பார்த்தார். அதே 0.15தான், அதற்குக் காசு வாங்கவில்லை.