குளக்கட்டு கட்ட யாரோடு சேர்வது: கமநலமா, நீர்ப்பாசனமா, என்ஜிஓவா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நாலு ஏக்கர் வைத்திருக்கிற எவரிடமும் கேட்டுப்பாருங்கள், வாய்க்கால் தூர்ந்துபோச்சு, மேட்டுக்காணி மண் அரிக்குது, குளக்கட்டு கசியுது என்று ஒரு பட்டியல் வரும். யாரிடம் போவது என்றால்தான் ஆளுக்கொரு கதை. கமநலம் (கமநல அபிவிருத்தித் திணைக்களம்) இழுத்தடிக்கும் என்பார் ஒருவர், என்ஜிஓ, அதாவது அரசசார்பற்ற நிறுவனம், வந்தால்தான் ஏதாவது நடக்கும் என்பார் அடுத்தவர். நான் பார்ப்பது இரண்டே விஷயம். மழைக்கு முன் வேலையை முடிப்பார்களா? முடித்த பிறகு அந்தக் கட்டு யார் தலையில்?

ஏன் மழையைச் சொல்கிறேன் என்றால், இங்கே வருசத்து மழையில் பெரும்பங்கு கார்த்திகை தொடங்கித் தைக்குள் கொட்டிவிடும். அதற்கு முன்பு சிறுபோக (வெயில்காலப் போக) வயலுக்கான தண்ணீர் குளத்தில் நிற்கிற வரை கட்டில் கைவைக்க முடியாது. ஆக மண்வேலைக்குக் கிடைப்பது சிறுபோக வெட்டுக்கும் மழைக்கும் நடுவில் சில கிழமைகள்தான். அதைத் தவறவிட்டு அவசரத்தில் பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) வைத்து அள்ளிக் குவித்த மண் முதல் வெள்ளத்திலேயே வயலுக்குள் வந்து படுத்துவிடும்.

முதலில் உங்கள் காணி எந்தக் குளத்தின் கீழ் என்று பாருங்கள். 80 ஹெக்டேயருக்கு, அதாவது சுமார் 200 ஏக்கருக்கு உட்பட்டுப் பாய்ச்சுகிற குளமென்றால் சிறுகுளம், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் மாதிரிப் பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், அங்கே தெரிவு செய்ய ஒன்றுமில்லை. பொறியியலாளர், கனரக இயந்திரம், அளவைப்படம் எல்லாம் அவர்களிடம் உண்டு, பெரிய கட்டு உடைந்தால் வேறு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பெரிய வாய்க்காலைத் தாண்டி உங்கள் வயலுக்கு வருகிற சின்ன வாய்க்கால் அவர்கள் கண்ணில் படுவது அரிது. அங்கே விவசாயிகள்தான் இறங்கவேண்டும், இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அம்பாறையிலேயே சாட்சி இருக்கிறது. 1981இல் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, படித்த இளைஞர்களை அமைப்பாளர்களாகக் கொண்டுபோய் விவசாயிகள் மத்தியில் குடியமர்த்தினார்கள். வாய்க்காலுக்கொரு குழு. வருசக்கணக்கில் தூர்ந்து கிடந்ததை அந்தக் குழுக்களே வெட்டித் துப்புரவாக்கின, முறைவைத்துத் தண்ணீர் எடுத்தன, மேலே இருந்த சிங்கள விவசாயிகள் மிச்சம் பிடித்த தண்ணீர் கடைக்கோடித் தமிழ் விவசாயிகளுக்கும் போனது. இத்தனைக்கும் அது சிங்கள-தமிழ்ப் பகை முற்றிக்கொண்டிருந்த காலம்.

சரி, கமநலத்துக்கு வருவோம். மெதுவானவர்கள்தான், மறுக்கவில்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளக்கவேண்டும், மதிப்பீடு மாவட்டக் காரியாலயத்துக்குப் போகவேண்டும், காசு வந்து சேர்கிறபோது வானம் கறுத்துவிட்டிருக்கும். ஆனாலும் சிறுகுளத்துக்கு நான் இவர்களைத்தான் சொல்வேன். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவான விவசாய அமைப்புக்கே சின்ன வேலைகளை ஒப்பந்தமாகக் கொடுக்க முடியும். வெளியூர்க் கொந்தராத்துக்காரர் என்றால் மண்ணைக் கொட்டி மேலே ஒருதரம் ஓட்டிவிட்டுப் போய்விடுவார். அரை அடி அரை அடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளை ஓடவிட்டால்தான் கட்டு இறுகும், கட்டுக்குக் கீழே தன் வேளாண்மையை வைத்திருக்கிறவன் நின்று பார்த்தால் இதில் ஏமாற்ற முடியாது. (அமைப்பின் தலைவர் வீட்டுக்கே எல்லா வேலையும் போகிற இடங்களும் உண்டு. அப்படியென்றால் பொதுக்கூட்டத்தில் கணக்குக் கேளுங்கள்.) இன்னொன்று, ஒவ்வொரு போகத்துக்கும் நடக்கிற ஆரம்பக் கூட்டம். விதைப்புத் திகதி, வாய்க்கால் துப்புரவு, மாடு அகற்றுகிற திகதி எல்லாம் அங்கேதான் முடிவாகும். அஞ்சு வருசம் கழித்துக் கட்டில் ஓட்டை விழுந்தாலும் போய்க் கேட்க ஒரு கூட்டம் இருக்கிறது.

என்ஜிஓவில் அந்தக் கூட்டம் கிடையாது. திட்டம் முடிந்தால் பெயர்ப்பலகை மட்டும் நிற்கும். வேகத்தில் அவர்களை அடிக்க ஆளில்லை, அது உண்மை. ஆவணியில் கதைத்தால் புரட்டாதியில் மண்வெட்டி இறங்கும், கூலிக்காசும் கையோடு வரும். பிரச்சினை பயனாளிப் பட்டியலில். ஏழைக் குடும்பம், பெண் தலைமைக் குடும்பம் என்று தெரிவு செய்கிறார்கள், நியாயம்தான், ஆனால் மழைத்தண்ணீர் பட்டியல் பார்த்து ஓடுவதில்லையே. மேலே ஒரு காணிக்கும் கீழே ஒரு காணிக்கும் குறுக்கு வரம்பு போட்டு, நடுவில் இருக்கிற போடியாரின் (பெரிய காணிக்காரரின்) காணியை விட்டுவிட்டால், தண்ணீர் நடுவில் வேகமெடுத்துக் கீழ் வரம்பை அறுத்துக்கொண்டு போகும். மண்ணைப் பிடிக்க நடுகிற கிளிசரியா மரத் தடிகளும் அப்படித்தான். மார்கழியில் நட்டால் ஈரத்தில் நன்றாகத் துளிர்க்கும், பெரும்போகம் வெட்டி முடிந்து மாடுகள் ஊருக்குத் திரும்பியதும் வேலி இல்லாத இடத்தில் தடிதான் மிஞ்சும். நடுகிற காசில் வேலிக்கும் ஒரு பங்கு கேளுங்கள், கேட்டால் தருகிறவர்கள் இருக்கிறார்கள். குளத்தோடு தொடர்பில்லாத மேட்டுக்காணிக்கு, பக்கத்துக் காணிக்காரரையும் சேர்த்துக்கொண்டு போகிறீர்களென்றால், என்ஜிஓ நல்ல தெரிவு.

விவசாயத் திணைக்களத்திடம் 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 1996இல் திருத்தமும் வந்தது. ஆனால் மலையகச் சரிவுகளில்தான் அதன் கவனம். இங்கே அவர்களிடம் காசை எதிர்பார்க்காதீர்கள். விவசாயப் போதனாசிரியரைக் கூட்டிவந்து சரிவு எந்தப் பக்கம் என்று ஒருதரம் காட்டச் சொல்லுங்கள், அது இலவசம்.

இவர்கள் எவரும் கவனிக்காத ஒன்று குத்தகை. ஒரு போகத்துக்கு மட்டும் காணி எடுத்துச் செய்கிறவர் வரம்புக்கு ஏன் மண் போடவேண்டும்? போடியார் டவுனில் இருப்பார், கையெழுத்து அவருடையது, வேலை இவருடையது. குறைந்தது மூன்று வருசத்துக்குக் குத்தகையை எழுதித்தரச் சொல்லி முதலில் போடியாரிடம் கதைத்து முடியுங்கள், எந்தக் கந்தோருக்குப் போவது என்பதை அப்புறம் பார்க்கலாம்.