பழைய புல்லட், மாற்றிய சைலன்சர்: ஜெட்டை மாற்றுவதா, கார்ப்பரேட்டரையே மாற்றுவதா?

என்னிடம் இருப்பது 1994-ஆம் ஆண்டின் வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350. மண்டபத்தில், கடலுக்கு அரைக் கிலோமீட்டருக்குள் நிற்கும் வண்டியின் சைலன்சர் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடிப்பக்கம் உப்பில் அரித்து ஓட்டை விழுந்ததும், ஷார்ட் பாட்டில் என்று கடைகளில் விற்கும் குட்டைச் சைலன்சரை வாங்கி மாட்டினேன். ஒரு வாரம் சத்தத்தை ரசித்தேன். அடுத்த வாரம், கொண்டல் காற்று எதிரே அடிக்க, பாம்பன் சாலைப் பாலத்தில் ஆக்சிலரேட்டரை முழு முறுக்கில் வைத்துப் போனபோது வண்டி மூச்சு வாங்கியது. இறக்கத்தில் முறுக்கை விட்டதும் படபடவென்று வெடித்தது. வீட்டுக்கு வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், முனை சுண்ணாம்பு தடவியது போல வெளுத்திருந்தது.

காரணம் எளிது. புகை தடையின்றி வெளியேறினால் சிலிண்டருக்குள் காற்று கூடுதலாக வரும். காற்றோடு பெட்ரோலைக் கலந்து தரும் கார்ப்பரேட்டரில், பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் திருகுதான் ஜெட். பழைய ஜெட்டோ பழைய தடைக்குக் கணக்கிட்ட பெட்ரோலைத்தான் தரும். இதோடு, இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். ஆகவே அதே காற்றுக்கு எரிபொருள் இன்னும் சற்று அதிகமாகத் தேவைப்படுகிறது. பெட்ரோல் போதாமல் ஓடும் இன்ஜின் சூடேறி, நாளடைவில் வால்வையும் பிஸ்டனையும் தின்றுவிடும்.

பழைய சைலன்சரையே புதிதாக வாங்கி மாட்டுவது முதல் வழி. சத்தத்துக்காக மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் அபராதம் கட்ட விரும்பாதவர்களுக்கு அதுவே போதும். அவர்கள் மேலே படிக்க வேண்டியதில்லை. மீதி இரண்டு வழிகள்தாம் உண்மையான போட்டி. வண்டியோடு வந்த, கேபிளால் இயங்கும் 24 மி.மீ. மிக்கார்ப் வி.எம். கார்ப்பரேட்டரை வைத்துக்கொண்டு ஜெட்டை மட்டும் மாற்றுவது ஒன்று. 2008-க்குப் பின் சில ஆண்டுகள் வந்த தண்டர்பேர்ட் 350, கிளாசிக் 350 வண்டிகளில் இருந்த, இன்ஜினின் வெற்றிடத்தால் இயங்கும் 29 மி.மீ. யுகால் சி.வி. கார்ப்பரேட்டரைப் பழைய சாமான் கடையில் வாங்கிப் பொருத்துவது மற்றொன்று. நான் முதலில் சி.வி.யைப் பொருத்தி ஐந்து மாதம் ஓட்டினேன், பிறகு வி.எம்.முக்குத் திரும்பி ஒன்றரை ஆண்டாகிறது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரியும்.

சி.வி.யின் நிறைகளை மறைக்கவில்லை. அதில் நம் கை, பட்டாம்பூச்சித் தகட்டை மட்டுமே திறக்கிறது. காற்று வழியில் ஏறி இறங்கும் ஸ்லைடு என்ற உருளையைத் தூக்குவது இன்ஜின் இழுக்கும் வெற்றிடம், ரப்பர் ஜவ்வு ஒன்றின் வழியாக. எனவே முறுக்கைச் சட்டென்று திருகினாலும் இன்ஜின் திக்குமுக்காடாமல் சீராக எழும். மைலேஜும் கொஞ்சம் கூடியது: டேங்க்கை நிரப்பி அளந்ததில் லிட்டருக்கு 34 கிலோமீட்டர் வந்தது, வி.எம்.மில் இப்போது வருவது 30. இந்த அளவை இரண்டு மூன்று முறைதான் எடுத்தேன் என்பதால் இதை வைத்து யாரும் பந்தயம் கட்ட வேண்டாம். உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதைச் சி.வி. ஓரளவு தானாகவே சமாளிக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை ஓட்டுபவனுக்குக் கடல் மட்டத்துக்கு மேல் ஏற இருப்பதெல்லாம் பாம்பன் பாலத்தின் நடுமேடுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. இங்குள்ள காற்றில் கார்ப்பரேட்டரின் உலோக உடல் வெள்ளையாகப் பூத்துவிடும். உள்ளே பித்தளை ஜெட்டுகளில் பச்சைக் களிம்பு ஏறும். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் எனக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை குறைவு; வண்டியும் கொட்டகையிலேயே நிற்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தங்கும் மிதவைக் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தங்கி, ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை அடைத்துப் போகிறது. ஆக, ஆண்டுக்கு ஒரு முறையாவது கார்ப்பரேட்டரைத் திறந்தே ஆக வேண்டும். அப்படித் திறக்கும்போது எது பொறுத்துப்போகும் என்பதே கேள்வி.

சி.வி.யைத் திறந்த அன்று, பெட்ரோல் ஆவியில் ஊறிய ரப்பர் ஜவ்வு விரிந்து, அதன் விளிம்பு பள்ளத்தில் உட்கார மறுத்தது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது. பொறுமையிழந்து மூடியை இறுக்கியதில், விளிம்பு இடையில் நசுங்கி, நகம் அளவுக்குக் கிழிந்தது. வண்டி ஒரே உதையில் கிளம்பியது, ஐட்லிங்கும் அழகாக நின்றது, ஆனால் நாற்பதுக்கு மேல் போகவே இல்லை. வெற்றிடம் கிழிசல் வழியே கசிந்தால் ஸ்லைடு எப்படி எழும்? ஜவ்வு தனியாக இராமநாதபுரத்தில் கிடைக்கவில்லை. நூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளி மதுரைக்குப் போய்க் கேட்டால், ஸ்லைடோடு சேர்த்த செட்டாகத்தான் தருவேன் என்றார்கள். இன்னொரு தொல்லை: வார்ப்பிரும்பு ஹெட்டோடு சி.வி.யைச் சேர்க்க லேத்தில் கடைந்த மேனிஃபோல்டு என்ற குழாயின் இணைப்பில் காற்று கசிந்து, ஐட்லிங் நாளுக்கு ஒரு மாதிரி ஏறி இறங்கியது. நல்ல கைவேலைக்காரர் கடைந்திருந்தால் இது வந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

வி.எம்.மில் ஜவ்வே கிடையாது. கேபிள் நேராக ஸ்லைடைத் தூக்குகிறது. கிண்ணத்தின் திருகுகளைக் கழற்றினால் ஜெட்டுகள் கைக்கு வந்துவிடும். பைலட் ஜெட்டைக் குத்த நான் பயன்படுத்துவது மிக மெல்லிய தூண்டில் நரம்பு. எஃகுக் கம்பியை விட்டால் பித்தளைத் துளை அகன்றுவிடும், நைலான் நரம்பு சிராய்ப்பதில்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் துளை வட்டமாக, ஊசிமுனை நட்சத்திரம் போலத் தெரிய வேண்டும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

ஜெட் மாற்றும் முன், ஊரே காக்கா (அண்ணன்) என்று அழைக்கும் கீழக்கரை மெக்கானிக் ஒருவர் தடுத்தார். “தம்பி, ஜெட்டைத் தொடுறதுக்கு முன்னாடி டேப்பெட்டையும் பாயின்ட்டையும் பாருங்க. அப்புறம் சைலன்சர் வாய்ல கை வச்சுப் பாருங்க” என்றார். முதல் இரண்டும் வால்வு இடைவெளியும் தீப்பொறி நேரமும். ஹெட்டில் சைலன்சர் குழாய் சேரும் இடத்தில் கரிக்கோடு தெரிந்தது. அந்தக் கசிவை அடைத்ததும் பாதி வெடிச்சத்தம் நின்றுவிட்டது. அந்தப் பாதிக்குக் கார்ப்பரேட்டர் பொறுப்பே இல்லை.

மீதிக்குத்தான் ஜெட். முழு முறுக்கில் பெட்ரோல் தருவது மெயின் ஜெட்; என் வண்டியில் இருந்ததன் எண் 90. எண் கூடினால் துளை பெரிது. அதிகாலையில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட நேர்ச்சாலையில், மூன்றாம் கியரில் முழு முறுக்கில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, ஓரத்தில் நின்று பிளக்கைப் பார்த்தேன். 100-இல் வெளுப்பு மறைந்து காப்பி நிறம் வந்தது. 105-இல் கரி படிந்து வண்டி மந்தமானது. எனவே 100. நடு முறுக்குக்கு, ஸ்லைடில் தொங்கும் நீடில் என்ற ஊசிதான் பொறுப்பு. கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினேன், நீடில் ஒரு படி உயர்ந்து பெட்ரோல் கூடியது. பைலட் ஜெட்டை மாற்றவில்லை, ஒன்றரைச் சுற்று திறந்திருந்த காற்றுத் திருகை ஒரு சுற்றுக்குக் கொண்டுவந்தேன். இதில் பலர் சறுக்குவதுண்டு: வி.எம்.மில் அந்தத் திருகு காற்றை அளப்பது, உள்ளே திருகினால் பெட்ரோல் பங்கு கூடும், சி.வி.யில் இருப்பது கலவைத் திருகு, வெளியே திருகினால்தான் கூடும். ஒரு சுற்றுக்கும் உள்ளே போனால்தான் ஐட்லிங் நிற்கிறது என்றால், பைலட் ஜெட் சிறியது என்று பொருள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு வாய் திறந்த கார்ப்பரேட்டரோடு ஓடுவதை இரு வழிக்காரர்களும் தவிர்க்க வேண்டும். அரிச்சல்முனைச் சாலையில் பறக்கும் மணல் ஒரு முறை உள்ளே போனாலே ஸ்லைடில் கோடு விழுந்துவிடும். ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் என் எண்களை அப்படியே எடுக்கக் கூடாது. அதில் பெட்ரோல் குறைந்து கலவை வறண்டால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். என் கைப்பழக்கம் நான்கு ஸ்ட்ரோக்கோடு நிற்கிறது.

சென்ற ஜூனில் தடைக்காலம் முடிந்து, கிண்ணத்தைத் துடைத்து மாட்டியபின், மூன்றாவது உதையில் வண்டி எழுந்தது. குறை ஒன்று மிச்சமிருக்கிறது: ஐப்பசி மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறும் விடியற்காலைகளில், முழு முறுக்கில் பெட்ரோல் மிகுந்து லேசாகக் கனக்கிறது, பிளக்கிலும் கரி ஒரு நிழல் போலப் படிகிறது. அதற்காக 97.5 எண் ஜெட் ஒன்றை வாங்கித் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், இன்னும் மாட்டவில்லை.