முதல் பிள்ளை சீசர், இரண்டாவதுக்கு எங்கே காட்டுவது?

முதல் பிள்ளையை சீசரில் பெற்றவர்கள், இரண்டாவதுக்கு யாழ்ப்பாணத்தில் எங்கே காட்டலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன்: உங்கள் பகுதி மருத்துவமாதிடம் பதிந்துகொண்டு அரச வைத்தியசாலை கிளினிக்குக்குப் போங்கள். வாங்கில் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனாலும் எனக்கு என்ன நடக்கலாம், ஏன் நடக்கலாம் என்று இருத்திவைத்து விளங்கப்படுத்தியது அந்த இடம்தான்.

நான் கோண்டாவிலில் இருக்கிறேன். மூத்தவன் கடைசி மாதம் வரை தலை மேலேயும் இருக்கை கீழேயுமாக இருந்ததால், வலி வர முதலே சீசர் செய்தார்கள். இரண்டாவதில், 20ஆம் வார ஸ்கானில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாசலுக்குக் கிட்ட இருக்கிறது என்றார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்துச் செய்கிற பரிசோதனையில் சீனியும் வந்தது. வீட்டில் எல்லோரும் பயந்துபோனோம். மாமிக்கு வரிசையில் நிற்பது ஆகாது. அதனால் முதலில் தனியார் மருத்துவமனை ஒன்றில் சனல் செய்து காட்டினோம்.

இடம் சுத்தம், குளிரூட்டி இருந்தது, சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டார்கள். அதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டொக்டர் கோப்பைப் பிரித்ததும், "முதல் சீசர் எண்டால் இதுவும் சீசர்தான். நாளைப் பார்த்துக்கொண்டு வாங்கோ" என்றார். ஏன் என்று என் கணவர் கேட்டதற்கு, "பிறகு பிரச்சினை வந்தால்?" என்ற கேள்விதான் பதிலாக வந்தது. மாமி பஞ்சாங்கம் பார்த்து நல்ல நட்சத்திரத்தில் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார். அது 37 வாரம் முடிகிற நாள். அதற்கும் அங்கே மறுப்பு வரவில்லை. எனக்கு மனம் ஒப்பாமல் போனது அந்த இடத்தில்தான். அவசரக் காரணம் இல்லாவிட்டால் திட்டமிட்ட சீசரை 39 வாரத்துக்குப் பிறகு வைப்பதுதான் வழக்கம். அதற்கு முதலே வெட்டி எடுத்தால் பிள்ளைக்கு மூச்சுவிடுவதில் சிரமம் வரும் வாய்ப்புக் கூடும். தாய்க்குச் சீனி இருந்தால் பிள்ளையின் நுரையீரல் முதிர்வதும் சிலவேளை பிந்தும். நாள் பார்ப்பதில் எனக்கு விரோதம் இல்லை. 39 வாரம் கடந்து ஒரு நல்ல நாளைத் தேடலாமே.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் எங்கள் மருத்துவமாது. வீட்டுக்கு வந்து, கர்ப்பவதி அட்டையை விரித்து வைத்துக்கொண்டு, "பிள்ளை, மூத்தவன்ரை ஒப்பரேஷன் காட் எங்கை?" என்றுதான் தொடங்கினார். கர்ப்பப்பையை எந்த இடத்தில், எந்தப் பக்கமாக வெட்டினார்கள் என்பது அதில்தான் இருக்கும். வெளியே வயிற்றில் தெரிகிற தழும்பை வைத்து உள்ளே இருக்கிற தழும்பைச் சொல்ல முடியாது. கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்வதைப் பற்றிப் பேசலாம், மேலே நெடுக்காக வெட்டியிருந்தால் அந்தப் பேச்சே இல்லை. இன்னும் எத்தனை பிள்ளை வேண்டும் என்றும் கேட்டார். கேட்கக் கூச்சமான கேள்வி, ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது அதுதான் என்று பிறகு விளங்கியது. அவருக்கு ஐந்துக்கு ஐந்து புள்ளி, அதற்கு மேல் இருந்தால் அதையும் கொடுப்பேன்.

அப்புறம் கிளினிக். காலையில் போனால் மத்தியானம் கடந்துதான் வீடு. வாங்கு காணாது, நிறைமாதத்துக்காரிகளும் நிற்கிறார்கள். கணவன்மார் வெளியில். ஆனால் முறை வந்ததும் பெரிய டொக்டர் அவசரப்படவில்லை. பழைய காட்டில் கீழ்வெட்டு என்று இருந்ததைப் பார்த்தபின், பிரித்தானிய மகப்பேற்று மருத்துவர்களின் வழிகாட்டலில் இருக்கிற எண்களைச் சொன்னார். ஒரு சீசருக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்கு முயல்கிற நூறு பேரில் 72 முதல் 75 பேருக்கு அது கைகூடுகிறது. முந்தி ஒருமுறை சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு 85 முதல் 90. பழைய தழும்பு கிழிவது இருநூறு பேரில் ஒருவருக்கு. அந்த ஒருவருக்கு வந்தால் உடனே வயிற்றைத் திறக்க வேண்டும், தாமதித்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. திட்டமிட்டு மீண்டும் சீசர் செய்தால் இந்த ஆபத்து இல்லையென்றே சொல்லலாம்.

ஆனால் அதற்கு வேறு விலை இருக்கிறது. ஒவ்வொரு சீசரும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்புக்குள் வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பைக் கூட்டுகிறது. நஞ்சுக்கொடி வாசலையும் மறைத்திருந்தால், முந்தி ஒரு சீசர் செய்தவர்களில் நூற்றுக்கு 11 பேரளவில், இரண்டு செய்தவர்களில் 40 பேரளவில் இப்படி ஒட்டியிருந்ததாக 2006இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. அப்படி ஒட்டினால் பெரும் இரத்தப்போக்கு, சிலருக்குக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும். எத்தனை பிள்ளை வேண்டும் என்று மருத்துவமாது கேட்டது இதற்காகத்தான்.

எனக்கு இருந்த மற்ற இரண்டையும் தனித்தனியாக எடுத்துச் சொன்னார். நஞ்சுக்கொடி கீழே இருப்பதாக 20ஆம் வாரத்தில் சொல்லப்படுகிற அனேகம் பேருக்கு, கர்ப்பப்பை வளர வளர அது மேலே போய்விடும். 32ஆம் வாரத்தில் திரும்பப் பார்ப்போம் என்றார். அப்போதும் வாசலை மூடியிருந்தால் சீசரைத் தவிர வேறு வழியில்லை. எனக்கு மேலே போயிருந்தது. சீனி மட்டும் இருப்பது சீசருக்குக் காரணம் ஆகாது. பிள்ளையின் நிறை நாலரைக் கிலோவைத் தாண்டும் என்று ஸ்கானில் தெரிந்தால் தோள் மாட்டிக்கொள்ளும் பயத்தில் சீசரைப் பற்றிப் பேசுவார்கள், அந்த நிறையும் ஒரு மதிப்பீடுதான் என்றார். சீனியை விரல் நுனியில் குத்திப் பார்த்து எழுதிவரச் சொன்னார். குத்தரிசிச் சோற்றை அளந்து சாப்பிட்டு, பின்னேரம் நடந்து, ஊசி இல்லாமலே கட்டுக்குள் வைத்தேன்.

பக்கத்து வாங்கில் வடமராட்சியில் இருந்து வந்த ஒரு பிள்ளை, வயிற்றில் இரட்டை. இரட்டை என்றாலே சீசர் என்று ஊரில் எல்லோரும் அவளைப் பயப்படுத்தி அனுப்பியிருந்தார்கள். முதல் பிள்ளை தலை கீழே இருந்தால், சீசரைத் திட்டமிடுவதால் பிள்ளைகளுக்கு மேலதிக நன்மை காணப்படவில்லை என்று 25 நாடுகளில் நடந்து 2013இல் வெளிவந்த பெரிய ஆய்வைச் சொல்லி அவளைத் தேற்றினார்களாம். அவள் முகம் தெளிந்து வெளியே வந்ததைக் கண்டபோது எனக்கும் தைரியம் வந்தது.

சுகப்பிரசவத்துக்கு முயல்வது என்று முடிவெடுத்தேன். கூடவே நிபந்தனைகளையும் அட்டையில் எழுதினார்கள்: வலி தொடங்கினால் வீட்டில் நிற்கக் கூடாது, பிள்ளையின் இதயத்துடிப்பை விடாமல் பார்க்க வேண்டும், தியேட்டரும் இரத்தமும் தயாராக இருக்க வேண்டும். ஆனால் 38ஆம் வாரத்தில் பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதமும் வந்தது. இனிப் பிள்ளையை உள்ளே வைத்திருப்பது நல்லதில்லை என்றார்கள். கர்ப்பப்பை வாசல் இறுக்கமாக மூடியிருந்தது. வலியை வரவழைக்கலாம், ஆனால் தானாக வலி வருவதோடு பார்த்தால் தழும்பு கிழியும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு, அல்லது சீசர். "இரண்டும் செய்யலாம் அம்மா, நீங்கள் யோசித்துச் சொல்லுங்கோ" என்று விட்டுப்போய், பிறகு திரும்பி வந்து கேட்டார். இவரை அன்று உள்ளே விட்டார்கள். இருவருமாகப் பேசி சீசர் என்றோம். தமிழில் இருந்த சம்மதப் பத்திரத்தை வாசித்துத்தான் கையெழுத்து வைத்தேன்.

முதல் பேச்சிலேயே அந்தத் தனியார் டொக்டர் சொன்னதும் சீசர்தானே என்று மாமி கேட்டார். இரண்டும் ஒன்றில்லை மாமி என்றேன். இப்போது எனக்குக் காரணம் தெரியும். மூன்றாவது வேண்டுமென்றால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கவைத்தார்கள். மகள் அழுதபடி வந்தாள். கையோடு நெஞ்சில் போட்டுப் பால் கொடுக்கவைத்தார்கள், குதிக்காலில் குத்தி அவளுடைய சீனியையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வாட்டில் கூட்டம் அதிகம், கழிப்பறையை இன்னும் அடிக்கடி கழுவ வேண்டும். வெட்டுக்காயத்தோடு அங்கே நடந்துபோகிற தாய்மாரின் நிலையை யாராவது பொறுப்பானவர்கள் ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். கிளினிக்குக்கும் வாட்டுக்கும் சேர்த்து ஐந்தில் நாலு. இத்தனைக்கும் வைத்தியத்துக்கென்று ஒரு சதமும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் மருத்துவமாது வந்து காயத்தையும் பாலையும் பார்த்தார். மாமியின் சரக்குக் கறிக்குச் சரி என்றார். வேதுத் தண்ணீரைக் காயத்தில் ஊற்றக் கூடாது என்றதை மாமியும் ஏற்றுக்கொண்டார். ஆறு வாரம் கழித்து எனக்குத் திரும்பவும் சீனி பார்க்க வேண்டும் என்பதை அட்டையிலேயே குறித்துவிட்டார். கர்ப்பத்தில் வந்த சீனி போய்விட்டாலும் பின்னாளில் திரும்பி வரக்கூடியது, பலர் இந்தப் பரிசோதனைக்குப் போவதே இல்லை.

தனியாரில்தான் காட்டுவேன் என்கிறவர்கள் காசுத் தொகையைக் கேட்க முதல் இதைக் கேளுங்கள்: இராத்திரி இரண்டு மணிக்கு மயக்க மருந்து டொக்டர் கட்டடத்துக்குள் இருப்பாரா, இரத்தம் எங்கிருந்து வரும், பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா அல்லது அரச வைத்தியசாலைக்குத்தான் அனுப்புவார்களா. பதில் இழுபட்டால் அங்கே சுகப்பிரசவத்துக்கு முயல வேண்டாம். பழைய ஒப்பரேஷன் காட்டைத் தொலைத்தவர்கள், பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியில் திகதியைச் சொல்லி இப்போதே விண்ணப்பியுங்கள், தேடி எடுக்க நாள் செல்லும்.