போன் கொம்பியூட்டரில வரேல்லையோ? "டிரைவர்" எண்டு 8,500 ரூபா குடுக்க முதல் இதை வாசியுங்கோ

யாழ் டவுனில போன் விக்கிற, லப்டொப் திருத்துற, போட்டோக்கொப்பியும் அடிக்கிற கடை ஒண்டு. பேர் போடேல்லை. எங்கட தம்பி லப்டொப்பைக் கொண்டுபோனது ஒரேயொரு முறைப்பாட்டோட: போனைக் கொழுவினால் சாஜ் ஏறுது, கொம்பியூட்டரில போன் காட்டுதில்லை. திரும்பி வந்தது 8,500 ரூபா பில்லோட. டிரைவர் (போனும் கொம்பியூட்டரும் கதைக்க உதவுற சின்னச் சொப்ட்வெயார்) இன்ஸ்டோல் 3,500, விண்டோஸ் போமற் (எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போடுறது) 3,000, டிரைவர் அப்டேற்றர் ஒரு வருசத்துக்கு 2,000. போன் இப்பவும் காட்டுதில்லை.

எதைக் காட்டி நம்ப வைச்சவங்கள் தெரியுமோ? கவுண்டரில நிண்ட பெடியன் போனை வாங்கி, தங்கட மேசையில கிடந்த வயரால தங்கட கொம்பியூட்டரில கொழுவினான். உடனே வந்திட்டுது. பிறகு அதே போனை எங்கட வயரால எங்கட லப்டொப்பில கொழுவினான். ஒண்டுமில்லை. "பாத்தீங்களோ அண்ணை, போன் ஓகே. லப்டொப்பிலதான் டிரைவர் அடிபட்டுப்போச்சு." மேலதிகமா ஒரு சொப்ட்வெயாரை ஓடவிட்டு, பழசாப்போன டிரைவர் எண்டு சிவப்பு எழுத்தில ஒரு நீளப் பட்டியலையும் காட்டியிருக்கிறான். ஆர் பாத்தாலும் நம்புவினம். ஆனா அங்க மாறினது லப்டொப் மட்டுமில்லை, வயரும் மாறினது. அதை ஒருத்தரும் சொல்லேல்லை.

அந்த வயரை பிளேட்டால வெட்டிப் பாத்தாச்சு. கறண்ட் போற நேரத்துக்கு வாங்கின சாஜ் ஃபானோட வந்த வயர் அது. உள்ளுக்க சிவப்பும் கறுப்பும் மட்டும். சாஜ் ஏற அது ரெண்டும் காணும். படம், பைல் போறதுக்குப் பச்சை, வெள்ளை எண்டு இன்னும் ரெண்டு கம்பி வேணும். அது இல்லாத வயரில எந்த டிரைவரைப் போட்டாலும் போன் வராது.

உண்மையான டிரைவர் பிரச்சினையை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? போனைக் கொழுவ விண்டோஸ் "டிங்" எண்டு சத்தம் போடும். ஸ்டார்ட் பட்டனில ரைட் கிளிக் பண்ணி டிவைஸ் மனேஜரை (கொம்பியூட்டரில கொழுவியிருக்கிறதுகளின்ர பட்டியல்) திறந்தால், போனின்ர பேரிலயோ எம்டிபி (போனில இருந்து பைல் மாத்துற முறை) எண்ட பேரிலயோ ஒரு வரி மஞ்சள் அடையாளத்தோட நிக்கும். அதை ரெண்டுதரம் கிளிக் பண்ண, கோட் 28 எண்டால் டிரைவர் இல்லை. கோட் 10 எண்டால் டிரைவர் இருக்கு, ஆனா ஸ்டார்ட் ஆகுதில்லை. கோட் 43, "அன்னோன் யூஎஸ்பி டிவைஸ்" எண்டு வந்தால் அனேகமா வயர், லப்டொப்பின்ர போர்ட், இல்லாட்டி போனின்ர சாஜ் ஓட்டைக்க அடைஞ்ச தூசு. சத்தமும் இல்லை, வரியும் இல்லை எண்டால் போன் வந்ததே லப்டொப்புக்குத் தெரியாது. அதுக்கு என்ன டிரைவர்?

வயர் நல்லது எண்டாலும் அன்ட்ரொயிட் போன் கொழுவின உடன சாஜ் மட்டும்தான் ஏத்தும். போன் லொக்கைத் திறந்து, மேலயிருந்து இழுத்து, யூஎஸ்பி நோட்டிபிகேசனைத் தொட்டு "ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்" குடுக்க வேணும். ஐபோன் எண்டால் "ட்ரஸ்ட்" குடுக்க வேணும்.

இனித்தான் வயிறெரியிற இடம். போமற் பண்ணி அவங்கள் போட்டுத் தந்தது விண்டோஸ் 10 ப்ரோ "என்". ஐரோப்பாவுக்கெண்டு மீடியா பகுதியைக் கழட்டி வித்த விண்டோஸ் அது. போனில இருந்து படம் எடுக்கிற எம்டிபி வசதியும் அந்தப் பகுதியோடதான் போகும். நல்ல வயரைப் போட்டு, ஃபைல் ட்ரான்ஸ்ஃபரும் குடுத்தாச்சு. இப்ப மஞ்சள் அடையாளம் நிக்குது. டிரைவரைப் போட வெளிக்கிட்டால் ஐஎன்எஃப் (டிரைவரோட வாற விபரப் பைல்) பிழை எண்டு திருப்பி அனுப்புது. முதல் இல்லாத டிரைவர் பிரச்சினையை 8,500 ரூபா குடுத்து வாங்கினது இதுதான்.

இதுக்கு மருந்து: செட்டிங்ஸில "ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ்" போய், "அட் எ ஃபீச்சர்" குடுத்து, "மீடியா ஃபீச்சர் பாக்" எண்டதைத் தேடிப் போட்டு, றீஸ்டார்ட் பண்ண வேணும். காசு இல்லை. அதுக்குப் பிறகும் மஞ்சள் நிண்டால் அந்த வரியில ரைட் கிளிக், அப்டேட் டிரைவர், "ப்ரௌஸ் மை கம்பியூட்டர்", "லெட் மீ பிக்", "போட்டபிள் டிவைசஸ்", கடைசியா "எம்டிபி யூஎஸ்பி டிவைஸ்". விண்டோஸுக்க ஏற்கெனவே கிடக்கிற டிரைவர் அது. அப்டேற்றருக்கு 2,000 ரூபா எதுக்கு?

டெஸ்க்டொப்பில கிடந்த படங்களும் போச்சு. கீரிமலையில எடுத்த அம்மம்மாவின்ர அந்தியேட்டிப் படங்கள் அதுக்கதான் கிடந்தது. கேட்காமலே போமற் பண்ணினவங்கள். லப்டொப்பில கிடந்தது எஸ்எஸ்டி (சிப்பில சேமிக்கிற டிஸ்க்) எண்டபடியால் திருப்பி எடுக்கிறதுக்கும் வழி கிட்டத்தட்ட இல்லை.

திருப்பிக் கேட்கப் போக, முதல் பதில் "றீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ". பிறகு "போன்ல பிழையா இருக்கும்". போன் ஓகே எண்டு காட்டினதும் இதே வாய்தான்! அதுக்குப் பிறகு "சொப்ட்வெயாருக்கு வாறண்டி இல்லை", "பொஸ் கொழும்பில, வந்தோடன கதைக்கிறம்". வட்ஸ்அப்பில பில்லைப் போட, ரெண்டு நீலச் சரி விழுந்ததுதான் மிச்சம். 8,500 ரூபாயில ஒரு சதம் திரும்பேல்லை.

வேற பழுது எப்பிடித் திருத்துறது எண்டும் எழுதலாம் எண்டுதான் தொடங்கினது. இப்ப அதுக்குப் பொறுமை இல்லை. இதுகளை மட்டும் செய்யுங்கோ. கடைக்குப் போக முதல் வேற வயரால ஒருக்காக் கொழுவிப் பாருங்கோ. கடையில சோதிக்கேக்க ரெண்டு பக்கமும் ஒரே வயர்தானோ எண்டு பாருங்கோ. போமற் எண்ட சொல் வந்தால் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வாங்கோ. திருப்பி எடுக்கேக்க போனைக் கொழுவி ஒரு படத்தையாவது லப்டொப்புக்கு மாத்திக் காட்டாட்டி காசு குடுக்காதேங்கோ. போனில டெவலப்பர் ஒப்ஷனைத் திறந்து "யூஎஸ்பி டிபக்கிங்" (அப் செய்யிறவைக்கான வசதி) போட்டு விட்டிருந்தால் நிப்பாட்டுங்கோ, படம் எடுக்க அது தேவையில்லை. எங்கட போனிலயும் அது திறந்தபடிதான் கிடந்தது.

பில்லை எறியாதேங்கோ. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977க்கு அடிக்கலாம், அவைக்குப் பில் வேணும்.