இரண்டு அங்குல உயர்வு: சஸ்பென்ஷன் லிஃப்ட் கிட்டுடன் சில ஆண்டுகள்

என்னுடையது தனிச் சட்டகத்தின் மேல் கட்டப்பட்ட எஸ்யூவி. முன்புறம் இரு சக்கரங்களும் தனித்தனியே இயங்கும் சஸ்பென்ஷனும், பின்புறம் காயில் ஸ்பிரிங்கின் கீழ் ஒரே ஆக்சிலும் கொண்டது. இரண்டு அங்குலம், அதாவது ஏறத்தாழ 50 மி.மீ. உயர்த்தும் லிஃப்ட் கிட்டை இதில் பொருத்திச் சில ஆண்டுகள் ஆகின்றன. கரடுமுரடான பாதையில் வண்டி இப்போது முன்பைவிட நிதானமாகப் போகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கான பாராட்டில் பெரும் பங்கு எடைக்கேற்ற ஸ்பிரிங்குக்கும் நல்ல ஷாக் அப்சார்பருக்கும்தான் சேர வேண்டும். உயரத்தின் பங்கு நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அதற்காக மற்ற பாகங்கள் சுமக்கும் பாரமோ நிறைய.

மலிவான வழி ஒன்று உண்டு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த முன்புறத் தொகுப்பான பழைய ஸ்ட்ரட்டின் தலையில் ஸ்பேசர் என்ற இடைத்தட்டு ஒன்றை வைத்துப் பூட்டிவிடலாம். ஸ்ட்ரட், சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் கீழ் ஆர்மின் நுனியில் அல்லாமல் நடுப்பகுதியில் பொருந்தியிருப்பதால், 25 மி.மீ. தடிமனுள்ள ஸ்பேசரே சக்கரத்தில் ஏறத்தாழ அதைப்போல் இருமடங்கு உயர்வைத் தந்துவிடும். ஸ்பிரிங்கின் தன்மை மாறாததால் பயணத்தின் மென்மையும் மாறாது. ஆனால் சக்கரம் கீழ்நோக்கி இறங்கும்போது, ஆர்ம்களும் அவற்றின் மூட்டுகளும் நிறுவனம் நிர்ணயித்த எல்லையைத் தாண்டிப் போகின்றன. சாதாரண நிலையிலேயே ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால், வேகத்தடையைக் கடந்து சக்கரம் தொங்கும் நொடியில் 'டக்' என்ற ஓசை எழும் வண்டிகளும் உண்டு. நகர்ச் சாலையில் தோற்றத்துக்காக மட்டும் உயர்த்துபவருக்கு இது போதுமானதாக இருக்கலாம். நான் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றும் முழுக் கிட்டையே தேர்ந்தெடுத்தேன்.

ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. ஒரே உயரத்துக்கு, வண்டியில் நிரந்தரமாக இருக்கப்போகும் கூடுதல் எடையைப் பொறுத்து வெவ்வேறு ஸ்பிரிங்குகள் கிடைக்கின்றன. இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் பின்னாளில் வரும் என்ற நம்பிக்கையில் கனமான ஸ்பிரிங்கை இப்போதே போட்டுவிட்டால், அவை வரும்வரை வண்டி ஒவ்வொரு சிறு பள்ளத்திலும் உதறும். முன்பகுதியும் தேவைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். ஆகவே இன்று வண்டியில் என்ன எடை இருக்கிறதோ அதற்கேற்ற ஸ்பிரிங்கையே போட்டேன். வெற்று வண்டியில் தனியாகச் செல்லும்போதும் அது முதுகைப் பதம் பார்க்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

பொருத்தும் வேலையை வீட்டில் செய்யத் துணியவில்லை. அழுத்திப் பிடித்த காயில் ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து; ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் சரியான கம்ப்ரெஸரும் பழகிய கையும் இல்லாமல் தொடக்கூடாத வேலை அது. ஆனாலும் அருகில் நின்று கவனித்தேன். ஆர்ம்களின் முனையிலுள்ள ரப்பர் புஷ்கள் உள் உருளையோடும் வெளி உருளையோடும் ஒட்டியிருப்பவை. அவை சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்ளத்தான் செய்கின்றன. வண்டி மேலே தூக்கப்பட்டு, சக்கரங்கள் தொங்கும் நிலையில் அவற்றின் போல்ட்டுகளை முழுமையாக முடுக்கிவிட்டால், தரையில் நிற்கும் நேரமெல்லாம் அந்த ரப்பர் முறுக்குண்டே இருக்கும். விரைவில் கிழிவதும், கிழியும்வரை பயணம் விறைப்பாக இருப்பதும் அதன் விளைவுகள். மெக்கானிக் போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை அழுத்தி விட்டபின், டார்க் ரெஞ்சால் உரிய அளவுக்கு முடுக்கினார். புஷ்கள் இன்றும் சத்தமின்றி இருக்கின்றன. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் விறைக்காமல் தளர்வாக இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துக்கொண்டோம்.

உயர்வை அளக்க, தரையிலிருந்து அளவெடுப்பதைவிடச் சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டரின் விளிம்புவரை அளப்பதே சரி. டயரின் காற்றழுத்தமும் தேய்மானமும் அந்தக் கணக்கில் குறுக்கிடாது. புதிய ஸ்பிரிங் ஓரளவு ஓடியபின் சற்றே படியும் என்பதால், பொருத்தியவுடன் ஒருமுறையும் படிந்தபின் மறுமுறையும் வீல் அலைன்மென்ட் செய்தேன்.

இந்த அலைன்மென்ட்தான் முழு அனுபவத்திலும் பொறுமையைச் சோதித்த பகுதி. முன்பகுதியை உயர்த்தும்போது இத்தகைய பல வண்டிகளில் கேஸ்டர் கோணம், அதாவது பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு, குறைகிறது. ஸ்டியரிங் தானாக நடுநிலைக்குத் திரும்புவதற்கு அந்தக் கோணமே முக்கியக் காரணம். அது குறைந்ததும் நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி இருபுறமும் மெல்ல அலைபாயத் தொடங்கியது. திருப்பத்துக்குப் பின் ஸ்டியரிங்கை நானே இழுத்து நேராக்க வேண்டியிருந்தது. முதலில் சென்ற இடத்தில் டோவை, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை, மட்டும் சரிசெய்துவிட்டு எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார்கள். அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது கேஸ்டர் குறைந்தபட்ச எல்லைக்கும் கீழே இருந்தது. இருக்கின்ற போல்ட்டுகளைத் திருப்பிக் கேஸ்டரைக் கூட்டினால், முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் சாயும் அளவான கேம்பர் கெட்டது. கோணம் திருத்தப்பட்ட புதிய அப்பர் ஆர்ம்களை (மேல் ஆர்ம்களை)ப் பொருத்திய பிறகே இரண்டும் ஒருசேர எல்லைக்குள் வந்தன. வண்டியும் மீண்டும் நேர்க்கோட்டில் நின்றது. இரண்டு அங்குல உயர்வுக்குத் திட்டமிடுபவர் அப்பர் ஆர்ம்களின் செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துவிடுவது நல்லது.

பின்புறத்தில் சிக்கல் குறைவு. ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் பேன்ஹார்ட் ராட் ஒரு முனையைச் சுற்றி வளைவாக நகர்வதால், வண்டி உயர்ந்ததும் ஆக்சில் சில மில்லிமீட்டர் ஒருபுறம் ஒதுங்கியது. நீளத்தை மாற்றக்கூடிய ராட் ஒன்று அதைத் தீர்த்துவிட்டது.

பலரும் கவனிக்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடலும் சட்டகமும் உயருமே தவிர, பின் ஆக்சிலின் நடுவில், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டரும் உயராது. ஏறும் கோணம், இறங்கும் கோணம், வயிற்றுப்பகுதி தட்டாமல் மேட்டைக் கடக்கும் கோணம் ஆகியவை நன்றாகக் கூடுகின்றன. ஆனால் டிஃபரன்ஷியல் அதே கல்லில்தான் உரசும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. 265/65 ஆர்17 டயரிலிருந்து 265/70 ஆர்17 டயருக்கு மாறினால் விட்டம் சுமார் 26 மி.மீ. கூடும்; தரை இடைவெளியில் அதன் பாதி, ஏறத்தாழ 13 மி.மீ., கிடைக்கும். டயர் ஒரு சுற்றில் கடக்கும் தூரமும் சுமார் 3.4 சதவீதம் கூடுவதால், ஸ்பீடோமீட்டர் முன்பைவிட அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும்.

காலப்போக்கில் கவனம் கேட்டது, சாய்ந்த நிலையிலும் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் சிவி ஜாயின்ட்தான். முன் ஆக்சில் தண்டுகள் இப்போது கூடுதல் சாய்வில் சுழல்வதால், ஜாயின்ட்டை மூடியிருக்கும் உட்புற ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. ஒருமுறை டார்ச்சை அடித்துப் பார்த்தபோது, மடிப்பின் பள்ளத்தில் தூசி ஒட்டிய மெல்லிய கிரீஸ் கோடு தெரிந்தது. உறையை அப்போதே மாற்றியதால் ஜாயின்ட் தப்பியது. மண்ணும் நீரும் உள்ளே போயிருந்தால் தண்டையே மாற்ற நேர்ந்திருக்கும். அதன்பின் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் உறைகளைப் பார்க்கச் சொல்கிறேன்.

ஓட்டும் முறையும் கொஞ்சம் மாறியிருக்கிறது. புவியீர்ப்பு மையம் உயர்ந்ததை விறைப்பான ஷாக் அப்சார்பர் மறைத்துவிடுகிறது; வண்டி குறைவாகச் சாய்வதால் நிலையாக இருப்பதாகத் தோன்றும், ஆனால் கவிழும் எல்லை முன்பைவிட அருகில்தான் இருக்கிறது. வளைவுகளில் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன், கூரைமேல் கனம் ஏற்றுவதை நிறுத்திவிட்டேன். முன்பகுதி நிமிர்ந்ததால் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்தது. அதைத் தாழ்த்துவது சில நிமிட வேலை. முன் கண்ணாடியில் கேமராவும் பம்பரில் ரேடாரும் உள்ள வண்டியாக இருந்தால் அவற்றுக்கும் மறுசீரமைப்பு தேவைப்படலாம். எரிபொருள் செலவு கூடியிருக்கிறது, பெரிய டயரும் அதற்குக் காரணம். வீட்டில் முதியவர்கள் இருந்தால் படிக்கட்டுப் பலகையும் வேண்டியிருக்கும்.

எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கான பதிவு விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். கழற்றிய ஸ்பிரிங்குகளையும் ஸ்ட்ரட்டுகளையும் எந்தப் பக்கத்துக்குரியவை என்று குறியிட்டு, எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் பழைய உயரத்தையே விரும்பினால், அவற்றை மீண்டும் பூட்டி, இன்னொரு அலைன்மென்ட் செய்துகொண்டால் போதும்.