கியூபிட்டோரண்ட்: பதிவிறக்கத்தோடு சேர்ந்தே நடக்கும் பதிவேற்றம்

டோரண்ட் முறையில் கோப்புகளைப் பதிவிறக்க உதவும் கியூபிட்டோரண்ட் (qBittorrent) மென்பொருளை நிறுவி முதன்முறையாகத் திறக்கும்போது ஒரு சட்ட அறிவிப்பு தோன்றுகிறது. இது கோப்புகளைப் பகிரும் மென்பொருள் என்பதும், ஒரு டோரண்டை (பயனர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் கோப்புத் தொகுப்பு) இயக்கினால் அதிலுள்ள தரவு பதிவேற்றத்தின் வழியாகப் பிறருக்கும் கிடைக்கும் என்பதும், பகிரப்படுவதற்குப் பயனரே முழுப் பொறுப்பு என்பதும் அதன் சாரம். இனி இவ்வறிவிப்பு காட்டப்படாது என்றும் அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. பலரும் படிக்காமல் கடந்துவிடும் இந்தச் சில வரிகளே இம்மென்பொருளைப் பற்றி ஒருவர் முதலில் அறிய வேண்டியவை. ஒவ்வொரு டோரண்டைச் சேர்க்கும்போதும் அவை கண்ணில் பட வேண்டும் என்பது என் கருத்து.

மென்பொருளாக மட்டும் பார்த்தால் இதைத் தயக்கமின்றிப் பாராட்டலாம். 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டுத் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டுவரும் இந்தத் திறமூலத் திட்டத்தில் விளம்பரங்கள் இல்லை. நிறுவும்போது வேறு மென்பொருள் எதுவும் உடன் நுழைவதில்லை. இது சிறிய விஷயமன்று. மெய்நிகர் நாணயத்துக்காகக் கணினியின் திறனைப் பயன்படுத்தும் ஒரு நிரல், இதே வகை மென்பொருளான யூடோரண்டோடு சேர்ந்து தங்கள் அனுமதியின்றி நிறுவப்பட்டதாக 2015இல் பயனர்கள் பலர் குற்றஞ்சாட்டினர். 2016இல் டிரான்ஸ்மிஷன் என்ற இதே வகை மென்பொருளின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் கலந்த பதிப்பு சிறிது காலம் வைக்கப்பட்டிருந்தது. கியூபிட்டோரண்டும் குறையற்றது அன்று. தேடல், செய்தியோடை முதலியவற்றுக்காக அது வெளித் தளங்களோடு இணையும்போது அத்தளங்களின் உண்மைத்தன்மையை உறுதிசெய்யும் பாதுகாப்புச் சான்றிதழ்களைச் சரிபார்க்காமலே ஏற்றுக்கொண்ட பிழை 2010 முதல் நீடித்து, 2024 அக்டோபரில் வெளியான 5.0.1 பதிப்பில்தான் திருத்தப்பட்டது. மூலநிரல் எல்லோர் கண்முன்னும் இருந்தும் ஒரு பிழை பதினான்கு ஆண்டுகள் தப்பியிருக்கிறது என்பதால், பழைய பதிப்பிலேயே தங்கியிருப்பவர்கள் உடனே புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

சட்டச் சிக்கல் மென்பொருளின் தரத்தில் இல்லை, பிட்டோரண்ட் நெறிமுறையின் அமைப்பிலேயே இருக்கிறது. 2001இல் பிராம் கோஹன் உருவாக்கிய இந்த முறையில் கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு துண்டு நம்மிடம் வந்து சேர்ந்ததுமே அதை வேறொருவர் நம்மிடமிருந்து பெறத் தொடங்கலாம். ஆகவே பதிப்புரிமை உள்ள படைப்பொன்றை டோரண்ட் வழியாக எடுப்பவர், தாம் வெறுமனே பதிவிறக்குவதாக நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே, சட்டத்தின் பார்வையில் அதை விநியோகிப்பவராகவும் ஆகிவிடுகிறார். நகலெடுப்பதைவிட விநியோகத்தைப் பல நாடுகளின் சட்டங்கள் கடுமையாக நடத்துகின்றன. காசா (Kazaa) என்ற கோப்புப் பகிர்வு வலையமைப்பில் பாடல்களைப் பகிர்ந்ததாக அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கொன்றில், 24 பாடல்களுக்காகத் தனிநபர் ஒருவர் 2,22,000 டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. பகிர்வுக் கருவியை உருவாக்குவதே குற்றமாகிவிடாது. ஆனால் உரிமை மீறலைத் தூண்டும் நோக்கத்தோடு அதை வழங்குவோர் பொறுப்பேற்க வேண்டும் என்பது அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005இல் குரோக்ஸ்டர் என்ற பகிர்வு மென்பொருள் மீதான வழக்கில் வகுத்த நிலைப்பாடு. கியூபிட்டோரண்ட் அத்தகைய தூண்டுதல் எதையும் செய்யவில்லை. அதனாலேயே பொறுப்பு பயனரின் தோளில் வந்து நிற்கிறது.

அவரைக் கண்டுபிடிப்பதும் கடினமன்று. ஒரே டோரண்டில் இணைந்திருப்பவர்களின் ஐபி முகவரிகளை, அதாவது இணையத்தில் அவர்களின் இணைப்பை அடையாளம் காட்டும் எண்களை, அதில் சேரும் எவரும் காணலாம். உரிமையாளர்களுக்காகக் கண்காணிக்கும் நிறுவனங்களும் அப்படித்தான் உள்ளே வருகின்றன. அமைப்புகளில் உள்ள 'அநாமதேய முறை' என்ற பெயர் இந்த இடத்தில் தவறான நம்பிக்கையைத் தந்துவிடக் கூடும். அது மென்பொருளின் அடையாளத்தை மறைக்கிறதே தவிர, ஐபி முகவரியை மறைப்பதில்லை. விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சேவையகம் வழியாக அனுப்பும் வசதி) பயன்படுத்துவோர் அதற்குரிய பிணைய இடைமுகத்தோடு, அதாவது அந்த இணைப்புவழியோடு மட்டும் மென்பொருளைப் பிணைத்துவைக்கலாம். விபிஎன் இணைப்பு அறுந்தால் பரிமாற்றமும் நின்றுவிடும். தனியுரிமைக்கு இது மிகப் பயனுள்ள வசதி, ஆனால் சட்டத்துக்குப் புறம்பானதை எந்த விபிஎன்னும் சட்டபூர்வமாக்கிவிடாது. பதிவேற்ற வேக வரம்பில் 0 என்று இட்டால் பதிவேற்றம் நின்றுவிடும் என்று எண்ணுவோரும் கவனிக்க வேண்டும்: இங்கே 0 என்பதற்கு வரம்பே இல்லை என்று பொருள். பதிவிறக்கம் முடிந்த பிறகும் பிறருக்குப் பதிவேற்றிக்கொண்டிருக்கும் சீடிங்குக்கும் இயல்புநிலையில் எல்லை வைக்கப்படவில்லை.

டெபியன், உபுண்டு போன்ற இயங்குதளங்களும் இணைய ஆவணக் காப்பகத்தின் தொகுப்புகளும் டோரண்டாகவும் வழங்கப்படுகின்றன. அவற்றைப் பெறுவதற்கு இதைவிடச் சிறந்த கருவியை என்னால் பரிந்துரைக்க இயலாது. அங்கே நெடுநேரம் சீடிங் செய்வது பிறருக்குச் செய்யும் உண்மையான உதவி.

எங்கிருந்தோ கிடைத்த டோரண்டுகளின் பாதுகாப்பு வேறு விஷயம். ஒவ்வொரு துண்டின் ஹாஷும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்) சரிபார்க்கப்படுவதால் கோப்பு வழியில் சிதையாது. ஆனால் டோரண்டை உருவாக்கியவரே தீநிரலை வைத்திருந்தால் அந்தத் தீநிரலும் சிதையாமல் அப்படியே வந்து சேரும். காணொளி என்று சொல்லப்பட்ட டோரண்டுக்குள் இயங்கக்கூடிய கோப்பு இருந்தால் அதைத் திறக்கவே கூடாது. அண்மைப் பதிப்புகளில் இத்தகைய கோப்புப் பெயர்களை முன்கூட்டியே விலக்கிவைக்கும் அமைப்பு உண்டு. அது இயல்பாகவே செயல்பாட்டில் இருந்திருக்க வேண்டும். உள்ளமைந்த தேடலுக்கான செருகுநிரல்களும் பிறர் பைத்தான் மொழியில் எழுதிய நிரல்களே என்பதால், எழுதியவர் யாரென்று தெரியாதவற்றைச் சேர்க்க வேண்டாம்.

தொலைவிலிருந்து உலாவி வழியாக மென்பொருளை இயக்க உதவும் வலை இடைமுகத்தைத் தேவையில்லாதவர்கள் அணைத்தே வைத்திருக்கலாம். 2023 வரை அதற்கு எல்லோரும் அறிந்த ஒரே இயல்புக் கடவுச்சொல்தான் இருந்தது. இப்போது தற்காலிகக் கடவுச்சொல் ஒன்று புதிதாக உருவாக்கப்படுகிறது. பழைய நிறுவலை அப்படியே புதுப்பித்து வந்தவர்கள் தங்களுடைய கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார்களா என்று இன்றே பார்த்துக்கொள்வது நல்லது.