பரங்கிக்காய் கேக்குக்குப் பாட்டில் மசாலா தேவையா? டின், பாட்டில், ஓடிஜி மூன்றையும் பற்றி

புரட்டாசி பிறந்தால் போதும், ஆன்லைன் கடைகளில் ‘பம்ப்கின் ஸ்பைஸ்’ பாட்டில் முன்வரிசைக்கு வந்துவிடும். பக்கத்திலேயே ‘பம்ப்கின் ப்யூரி’ என்ற பரங்கிக்காய் விழுது டின்னும் நிற்கும். அமெரிக்காவில் இலையுதிர் காலத்துக்கென்று இருக்கும் அந்த வாசனை இப்போது காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து அடுப்படிகளுக்கும் வந்தாயிற்று. சிங்கப்பூரிலிருந்து வரும் உறவுக்காரர்கள் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதும் உண்டு. இவற்றை வாங்கத்தான் வேண்டுமா என்பது பலருடைய கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பாட்டில் வேண்டவே வேண்டாம். டின்னை ஒரே ஒரு முறை வாங்கலாம், அதற்குக் காரணம் இருக்கிறது. காசைச் சேர்த்து வைத்து ஓர் ஓவன் தெர்மாமீட்டரும் கிச்சன் ஸ்கேலும் வாங்கினால் அது புத்திசாலித்தனம்.

பாட்டிலில் இருந்து தொடங்குவோம். பெயரில் பம்ப்கின் இருக்கிறதே தவிர உள்ளே பரங்கிக்காய் ஒரு துளியும் கிடையாது. பரங்கிக்காய் ‘பை’ (pie) என்ற அமெரிக்க இனிப்புப் பண்டத்துக்குப் போடும் மசாலாப் பொடி, அவ்வளவுதான். மெக்கார்மிக் நிறுவனம் இதை 1934-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. 2003-ல் ஸ்டார்பக்ஸ் இதே வாசனையில் காபி போட்ட பிறகுதான் உலகம் முழுக்கப் பேச்சானது. உள்ளே இருப்பவை பட்டை, சுக்கு, ஜாதிக்காய், ஆல்ஸ்பைஸ் என்ற மிளகு போன்ற வாசனைக்காய். சில கம்பெனிகள் கிராம்பும் சேர்க்கின்றன. ஆல்ஸ்பைஸைத் தவிர எல்லாமே எந்தச் செட்டிநாட்டு வீட்டிலும் டப்பாவில் கிடக்கிற சாமான்கள். ஆல்ஸ்பைஸின் வாசனைக்கு முக்கியக் காரணமான ‘யூஜினால்’ என்ற வாசனைப் பொருள்தான் கிராம்பிலும் இருக்கிறது. அதனால் கிராம்பைக் கொஞ்சம் கூட்டி, இரண்டு மிளகைத் தட்டிப் போட்டால் வித்தியாசம் சொல்ல ஆள் இருக்காது.

பொடித்த மசாலா கப்பலில் வந்து, கிடங்கில் தங்கி, நம் கைக்கு வருவதற்குள் வாசனையில் பாதி போயிருக்கும். இறக்குமதியாளர் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள தேதியோடு நிறுத்தாமல், பாட்டிலில் அச்சடித்த தேதியையும் தேடிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் திறந்த பாட்டில் கட்டி தட்டிப்போவதும் வாடிக்கை. ஐந்து நட்சத்திரத்துக்கு ஒன்றரை கொடுக்கலாம், அதுவும் பாட்டிலின் அழகுக்காக.

வீட்டில் அரைக்கும் அளவு இது: சுருள் பட்டை 20 கிராம், சுக்கு 8 கிராம், ஜாதிக்காய் 4 கிராம், கிராம்பு 2 கிராம், மிளகு இரண்டு. பட்டையில் தடித்ததும் உண்டு, காகிதம் போல மெல்லிசாகச் சுருண்டதும் உண்டு. கறிக் குழம்புக்குத் தடித்ததுதான் சரி, அது காரம். கேக்குக்கு இலங்கைச் சுருள் பட்டை மென்மையாக இருக்கும். தடித்த பட்டைதான் இருக்கிறது என்றால் 15 கிராமோடு நிறுத்துங்கள். சுக்கின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் சுரண்டிவிட்டு, நசுக்கி, பிறகு அரையுங்கள். அரைத்ததும் சல்லடையில் சலிக்காவிட்டால் சுக்கின் நார் கேக்கில் முடி மாதிரி தட்டுப்படும், சாப்பிடுகிறவர் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். ஜாதிக்காயை மிக்ஸியில் போடாதீர்கள். எண்ணெய்ப் பசை உள்ளது, பிளேடில் அப்பிக்கொள்ளும். கேக் செய்கிற அன்றைக்குச் சிறு துருவியில் துருவி, மற்றப் பொடியோடு கலந்துகொள்ளுங்கள். மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டுங்கள், ஜார் சூடேறினால் வாசனை மூடி வழியாகப் போய்விடும்.

அதைவிட முக்கியம் ஜார். குழம்பு மிளகாய்த்தூள் அரைத்த ஜாரில் இதை அரைத்தால் கேக் தொண்டையைப் பிடிக்கும். கழுவினால் மட்டும் காரம் போகாது. ஒரு கைப்பிடி பச்சரிசியைப் போட்டு இரண்டு முறை ஓட்டிக் கொட்டிவிட்டு, ஈரமில்லாமல் துடைத்த பிறகு அரையுங்கள்.

நம் ஊர் ஆட்கள் தவறுவது இன்னோர் இடம். இருக்கிற வாசனைச் சாமான் எல்லாம் நல்லதுதானே என்று அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, கல்பாசி, சோம்பு என்று கை போகும். கல்பாசி ஒரு சிட்டிகை போதும், அடுப்படியில் சிக்கன் குழம்பு கொதிப்பதாகத் தெருவே நினைத்துக்கொள்ளும். அன்னாசிப்பூ போட்டால் பிரியாணி. இந்தக் கேக்குக்கு மேலே சொன்ன சாமான்கள்தான், கூட்ட வேண்டாம்.

இனி டின். லிப்பீஸ் என்ற அமெரிக்க பிராண்டின் 425 கிராம் டின்தான் பலருக்கும் தெரிந்தது. உள்ளே வெறும் பரங்கிக்காய் விழுது, வேறு எதுவும் இல்லை. அதற்கென்றே டிக்கின்சன் என்ற ரகத்தை அங்கே விளைவிக்கிறார்கள். தாவரவியல் பெயர் குக்குர்பிட்டா மொஸ்கேட்டா. நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2 பரங்கிகளும் அதே இனம்தான். கடல் கடந்து வருவது நம் சந்தையில் கீற்றுப் போட்டு விற்கும் காய்க்குப் பங்காளி என்று தெரிந்தால் டின்னின் விலை இன்னும் உறுத்தும்.

பிறகு ஏன் ஒரு முறை வாங்கச் சொல்கிறேன்? கெட்டித்தன்மையைக் கண்ணால் பார்க்க. டின்னைத் திறந்து ஒரு கரண்டி எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள், விழாது. அமெரிக்கச் சமையல் குறிப்பு எல்லாம் அந்தக் கெட்டி விழுதை நினைத்து எழுதியவை. வேகவைத்து வடித்த பரங்கிக்காயில் 100-க்கு ஏறக்குறைய 94 பங்கு தண்ணீர், டின் விழுதில் 90. நாலு பங்குதானே என்று தோன்றும். தண்ணீர் போக மிஞ்சும் சக்கையைக் கணக்குப் போடுங்கள்: ஒன்றில் 6, மற்றதில் 10. அதாவது வேகவைத்த விழுது 1 கிலோவைச் சுண்ட வைத்து 600 கிராமுக்குக் கொண்டுவந்தால்தான் டின்னுக்குச் சமம். இதைச் செய்யாமல் குக்கரில் தண்ணீர் ஊற்றி நாலு விசில் விட்டு, அப்படியே மாவில் கொட்டுவதால்தான் கேக்கின் அடியில் களிபோல ஒரு பட்டை நிற்கிறது. மேலே வெந்திருக்கும், நடுவில் குத்திய குச்சியும் சுத்தமாக வரும், வெட்டினால் அடிப்பகுதி ஈரமாகப் பளபளக்கும். பலர் ஓவனைக் குறை சொல்வார்கள். குற்றவாளி தண்ணீர்.

டின் வாங்கும்போது ஒரு கவனம். ‘பம்ப்கின் பை மிக்ஸ்’ என்று இன்னொன்று உண்டு. அதில் சர்க்கரையும் மசாலாவும் முன்பே கலந்திருக்கும். அதை விழுது என்று நினைத்துப் போட்டால் திகட்டும். சாமான் பட்டியலில் பரங்கிக்காய் மட்டும்தான் இருக்க வேண்டும். மீதி விழுதை டின்னிலேயே வைக்காமல் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இனிப்புப் பணியார மாவில் இரண்டு கரண்டி கலந்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

சந்தையில் வாங்கும்போது முழுக் காயைவிடக் கீற்றே மேல், உள்நிறம் தெரியும். அடர்ந்த ஆரஞ்சு நிறச் சதை, முற்றிய விதை, நகம் இறங்காத தோல் பார்த்து வாங்குங்கள். வெளிறிய மஞ்சள் என்றால் புளிக்கறிக்குப் போகட்டும். 1 கிலோ கீற்றில் தோலும் விதையும் போக முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சதை தேறும். பெரிய துண்டாக வெட்டி, இட்லிப் பானையில் தண்ணீர் படாமல் 20 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். ஓவனிலேயே சுடுவது இன்னும் நல்லது: வெட்டுப்பக்கம் கீழே இருக்க 200 டிகிரியில் 45 நிமிடம். ஓரம் லேசாகக் கருகினால் இனிப்பு ஏறும். மசித்து, பழைய வேட்டித் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, பிறகு அடி கனமான வாணலியில் சிறு தீயில் கிளறுங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் வாணலி அடி தெரிந்து, கோடு மெதுவாக மூடிக்கொண்டால் பதம். நன்றாக ஆறிய பிறகே மாவில் சேர்க்க வேண்டும். இரண்டு கேக்குக்கு வரும்.

23 × 13 சென்டிமீட்டர் லோஃப் டின் (நீளவாக்கில் இருக்கும் கேக் பாத்திரம்) ஒன்றுக்கு: மைதா 220 கிராம், பரங்கி விழுது 240 கிராம், நாட்டுச்சர்க்கரை 200 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 110 மில்லி, முட்டை 2, கெட்டித் தயிர் 2 மேசைக்கரண்டி, ஆப்ப சோடா தலைதட்டி 1 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, மசாலாப் பொடி 6 கிராம். வெண்ணெயும் சர்க்கரையும் நுரைக்க அடிக்கும் முறை இங்கே சரிப்படாது. அடுப்படி 30 டிகிரிக்கு மேல் இருக்கும்போது வெண்ணெய் இளகி ஓடும், காற்றைப் பிடித்து வைக்காது. எண்ணெய்க் கேக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. செக்குக் கடலை எண்ணெய் வேண்டாம், மசாலாவை அமுக்கிவிடும்.

நாட்டுச்சர்க்கரையைச் சலித்தே போடுங்கள், மணலும் கட்டியும் இருக்கும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் பாதிக்குப் பாதி மாற்றலாம், மேப்பிள் எசன்ஸ் எல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காது. 100 கிராம் கருப்பட்டியை 2 மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து வடிகட்டி, ஆறவிடுங்கள். அந்தத் தண்ணீருக்கு ஈடாக விழுதை 210 கிராமாகக் குறையுங்கள். ஈரப் பொருள்களை ஒன்றாக அடித்து, சலித்த மாவைப் போட்டு, வெள்ளை மறையும் வரை மட்டும் கிளறுங்கள். அதற்கு மேல் அடித்தால் ரப்பராகும். சோடாவைக் குவித்துப் போட்டால் சோப்பு வாடை வரும், நடுவும் குழியும். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் வீடு என்றால் முட்டைக்குப் பதில் இன்னும் 100 கிராம் தயிரும் அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் சேர்த்து, விழுதை 200 கிராமாக வையுங்கள். சற்றே கனமாக இருக்கும், சுவையில் குறையில்லை.

ஓடிஜி என்கிற சிறிய மின்சார ஓவன் விஷயத்தில் பிராண்டைவிட வயரிங் முக்கியம். 2000 வாட் ஓவன் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் பின்கட்டில் இருப்பது பெரும்பாலும் 5 ஆம்பியர் பிளக் பாயின்ட். அதில் மாட்டினால் பிளக் சூடேறி உருகும். 15 ஆம்பியர் பாயின்ட் தனியாகப் போட்டுக்கொண்ட பிறகே ஓவன் வாங்குங்கள். அடுத்தது வோல்டேஜ். 230-க்குப் பதில் 200 வந்தால் சூடு அரைக்கால் பங்கு மட்டும் குறைவதில்லை, கால் பங்கே குறைகிறது. குமிழ் 170 காட்டும், உள்ளே அது இருக்காது. அதற்குத்தான் தெர்மாமீட்டர். கம்பித்தட்டில் டின் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அதை வைத்து, முள் 165-ல் நிலைத்த பிறகு மாவை உள்ளே தள்ளுங்கள். கீழிருந்து இரண்டாம் அடுக்கு, மேல் கீழ் இரண்டு கம்பியும், 60 முதல் 65 நிமிடம். 40 நிமிடத்தில் மேலே நிறம் ஏறிவிட்டால் அலுமினியத் தாளைக் கூடாரமாகப் போட்டு மூடுங்கள். நடுவில் நீளமாக வெடிப்பது குறையே இல்லை, லோஃப் கேக் அப்படித்தான் வெடிக்கும்.

நடுவில் கரண்ட் போனால்? கதவைத் திறக்காதீர்கள். முதல் 20 நிமிடத்துக்குள் போனால் கேக் அமுங்கும், ஒன்றும் செய்ய முடியாது, அதைத் துண்டாக்கி மறுபடி மொறுமொறுப்பாகச் சுட்டு ரஸ்க் ஆக்கலாம். 45 நிமிடத்துக்குப் பிறகு போனால் உள்சூட்டிலேயே பெரும்பாலும் வெந்துவிடும். கரண்ட் வந்ததும் 10 நிமிடம் கூட்டி வைத்துக் குச்சியால் நடுவிலும் அடிவரையிலும் குத்திப் பாருங்கள்.

ஆப்பிள்-பட்டைக் கேக்கும் இதே காலத்து வகைதான். ஹிமாச்சல், காஷ்மீர் ஆப்பிள் புதிதாக வரும் மாதங்கள் இவை. சிவப்பு டெலிசியஸ் வெந்தால் குழைந்து காணாமல் போகும், புளிப்பும் போதாது. பச்சை ஆப்பிள் வாங்குங்கள், இல்லையேல் எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி விட்டுப் பெரிய துண்டாக நறுக்குங்கள்.

சுட்ட கேக்கை டின்னிலேயே விடாமல் 10 நிமிடத்தில் கம்பித்தட்டுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடி வியர்த்து ஈரமாகும். மறுநாள்தான் மசாலா ஊறிச் சுவை கூடும், அதனால் விருந்துக்கு முதல்நாளே செய்யுங்கள். ஆனால் மழை மாதத்தில் வெளியே இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் பூசணம் பிடிக்கும். ஆர்டர் எடுப்பவர்கள் சூடு முழுக்க ஆறாமல் பெட்டியில் அடைக்கக் கூடாது. மீதியைத் துண்டு போட்டு, துண்டுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் போட்டால் ஒரு மாதம் தாங்கும். எடுத்ததும் தோசைக்கல்லில் மூடி போட்டுச் சிறு தீயில் இரண்டு பக்கமும் சூடு செய்தால் போதும்.